நிழலை அணைத்த வீரன்
"பாரசீக இளவரசன்" என்னும் வீடியோ ஆட்டத்தின் தோற்றமும் அமைப்பும்

விளையாட்டு மனிதனுடன் பிறந்தது. சிந்துவெளி நகரங்களை அகழ்ந்தோர் சுடுமண் வண்டிகளையும் பகடைக் காய்களையும் கண்டெடுத்தனர். எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையில் ஆடுபலகைகள் இருந்தன. எமது ஊர்த் திண்ணைகளிலே தாயமும், வெளிகளிலே கிளித்தட்டும் எத்தனை தலைமுறையாக ஆடப்பட்டு வருகின்றன என்பதை எவராலும் எண்ணிக் கூற முடியாது. ஆயினும் இவ்விளையாட்டுக்களை ஆக்கியோர் யாவர், எவ்விடத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டனர், எங்கே இடர்ப்பட்டனர் என்பனவற்றை அறிய எமக்கு வழியில்லை. தாயத்தை ஆக்கியோன் பெயர் காலவெள்ளத்தில் மறைந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய வீடியோ ஆட்டங்கள் இவ்வகையில் வேறுபட்டவை. அவற்றின் பிறப்பை நாம் ஆண்டோடும் மாதத்தோடும் அறியலாம். சிறப்பாக 1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த "பிரின்ஸ் ஒவ் பேர்சியா", அதாவது "பாரசீக இளவரசன்" என்னும் ஆட்டத்தை ஆக்கியவர், தாம் ஒவ்வொரு நாளும் செய்ததையும் செய்யத் தவறியதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அக்குறிப்பு பின்னர் நூலாகவும் வெளிவந்தது. ஆகவே ஒரு விளையாட்டு எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

இத்தகைய ஆட்டங்களை வீண்பொழுது எனப் பெரியோர் பலர் கடிந்துரைப்பர். அக்கூற்றை முற்றாக மறுக்க நாம் முன்வரவில்லை. ஆனால் ஆடுதல் வேறு, ஆக்குதல் வேறு. ஆக்குதலிலே கணிதமும் ஓவியமும் இசையும் கதையும் ஒருங்கே வந்து கூடுகின்றன. அந்தக் கூட்டத்தையே இக்கட்டுரையில் ஆராய எண்ணுகின்றோம்.

மேடையாட்டங்களின் பிறப்பு

திரையிலே பல படிகளாக மேடைகள் அமைந்திருக்கும். ஒரு சிறு உருவம் அவற்றின்மேல் ஓடியும் தாவியும் ஏறியும் தன் இலக்கை அடைய வேண்டும். இவ்வகை ஆட்டங்களை மேடையாட்டங்கள் என்பர். 1980 ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த "ஸ்பேஸ் பனிக்" என்னும் ஆட்டத்திலே மேடைகளும் ஏணிகளும் இருந்தன, தாவுதல் இல்லை. அடுத்த ஆண்டில் நின்ரெண்டோ நிறுவனத்துக்காக ஷிகேரு மியாமோட்டோ ஆக்கிய "டொங்கி கொங்" தாவுதலைக் கொண்டுவந்தது. உருண்டு வரும் பீப்பாய்களின்மேல் தாவிச் சென்ற அந்தச் சிறு தச்சனே பின்னர் மரியோ என உலகப் புகழ் பெற்றான். 1982 இல் டேவிட் கிரேன் ஆக்கிய "பிற்போல்" ஆட்டத்தில் ஒரு மனிதன் இருபது நிமிட எல்லைக்குள் காட்டினூடே ஓடி, கொடியைப் பற்றி ஊசலாடிப் புதையல் தேடினான். 1985 இல் "சுப்பர் மரியோ சகோதரர்கள்" வெளிவந்தபோது மேடையாட்டம் தன் முழு வளர்ச்சியைப் பெற்றுவிட்டது எனவே பலரும் எண்ணினர்.

இவ்வாட்டங்களின் நாயகர் யாவரும் பொம்மைகளே. மரியோவுக்கு மீசையும் தொப்பியும் வைத்ததன் காரணம், மிகச் சில புள்ளிகளால் வாயையும் தலைமயிரையும் வரைய முடியாமையே என அதை ஆக்கியவரே கூறியுள்ளார். எவ்வளவு உயரத்திலிருந்து வீழ்ந்தாலும் மரியோவின் கால் முறிவதில்லை. நடுவானிலே அவன் தன் திசையை மாற்றிக்கொள்வான். அது பொம்மையுலகின் நியாயம். அங்கே அது பொருந்தும். ஆனால் எலும்பும் தசையும் கொண்ட மனிதனைத் திரையில் ஓடவிட்டால் என்ன ஆகும் என்ற வினாவை அப்பொழுது ஓர் இளைஞர் எழுப்பினார்.

ஆக்கியோன்

அவர் பெயர் ஜோர்டன் மெக்னர். 1964 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். தந்தையார் பிரான்சிஸ் மெக்னர் உளவியலறிஞர், இசையிலும் வல்லவர். அவர் ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் யூத குடும்பத்திற் பிறந்து, நாசிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறு வயதிலேயே நாடு துறந்தவர். பிறந்த மண்ணை இழந்த குடும்பம் அமெரிக்காவிலே கல்வியாலும் கலையாலும் மீண்டும் வேரூன்றியது.

ஜோர்டன் யேல் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டே ஆட்டங்கள் எழுதினார். முதலில் அனுப்பிய ஆட்டத்தைப் "புரோடர்பண்ட்" என்னும் வெளியீட்டு நிறுவனம் ஏற்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1984 இல் அவர் எழுதிய "கராத்தேகா" என்னும் ஆட்டத்தை அதே நிறுவனம் வெளியிட்டது. அதற்காக அவர் தமது கராத்தே ஆசிரியரைச் சிறிய பிலிம் கமராவால் படம் பிடித்து, அப்படங்களைப் பார்த்தே உருவங்களை வரைந்திருந்தார். ஆட்டம் பெருவிற்பனை கண்டது. 1985 இல் பட்டம் பெற்று வெளியேறியபோது அவர் முன்னே இரு வழிகள் இருந்தன. ஒன்று அடுத்த ஆட்டம். மற்றது திரைக்கதை எழுதும் ஆசை. இவ்விரண்டுக்கும் இடையே அவர் மனம் பல ஆண்டுகள் ஊசலாடியது. இடையிலே பல மாதங்கள் ஆட்டத்தை ஒதுக்கிவைத்துத் திரைக்கதையையே பற்றி நின்றார். நாட்குறிப்பைப் படிப்போர்க்கு, இவ்வாட்டம் பிறவாமலே போயிருக்கக் கூடும் என்பது தெளிவாகும்.

தம்பியின் ஓட்டம்

1985 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே ஜோர்டன் ஒரு வீடியோ கமராவுடன் தமது ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே இருந்த வாகனத் தரிப்பிடத்துக்குச் சென்றார். உடன் சென்றவர் தம்பி டேவிட். வெண்ணிற ஆடை உடுத்த தம்பி ஓடினார், தாவினார், திரும்பினார், மதிலைப் பற்றித் தொங்கினார், ஏறினார். தமையன் அவற்றையெல்லாம் பக்கவாட்டிலே நின்று படம் பிடித்தார்.

இன்று இத்தகைய படத்தைக் கணினிக்குள் கொண்டுசெல்வது ஒரு விரலசைவில் முடியும் காரியம். அன்று அது பெரும் பாடு. வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு நிலையையும் தொலைக்காட்சித் திரையிலிருந்து சாதாரண கமராவால் நிழற்படம் எடுக்க வேண்டும். அப்படங்களைக் கழுவி எடுத்து, உருவத்தின் எல்லைகளைக் கறுப்பு மையாலும் வெள்ளைப் பூச்சாலும் திருத்த வேண்டும். திருத்தியதைப் போட்டோப்பிரதி செய்து, கமராவின் கீழ் வைத்துக் கணினிக்கு ஊட்ட வேண்டும். அதன் பின்னர் புள்ளி புள்ளியாகத் திருத்தம் செய்ய வேண்டும். சில விநாடி ஓட்டத்துக்குப் பல வார உழைப்பு.

ஆனால் அச்சிறு வெள்ளுருவம் முதன்முறையாகத் திரையிலே ஓடியபோது, அது பொம்மை ஓடுவதாக இருக்கவில்லை. ஓடத் தொடங்குமுன் உடல் முன்னே சாய்ந்தது. நிற்க விரும்பினால் உடனே நிற்க முடியாமற் கால் சறுக்கியது. தாவும் முன் தயக்கமும், வீழ்ந்த பின் குனிவும் இருந்தன. அதிலே உயிர் இருந்தது. அது தம்பியின் உயிர்.

பழைய கலைக்குப் புதிய வேலை

இம்முறை முற்றிலும் புதியதன்று. 1878 இல் கலிபோர்ணியாவிலே எட்வேட் மைபிரிட்ஜ் என்பார் பல கமராக்களை வரிசையாக வைத்துக் குதிரையின் பாய்ச்சலைப் படம் பிடித்து, அதன் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழுவதுண்டு என நிலைநாட்டினார். பின்னர் மக்ஸ் பிளெய்ஷர் என்பார் உண்மை மனிதரைப் படம் பிடித்து, அதன்மேல் வரைந்து கேலிச்சித்திரம் ஆக்கும் "ரோட்டோஸ்கோப்" என்னும் கருவியைக் கண்டு, 1917 இல் அதற்குரிய ஆக்கவுரிமையைப் பெற்றார். கோமாளி வேடம் பூண்டு அவருக்காக ஆடிக் காட்டியவர் யார் தெரியுமா? அவருடைய தம்பி டேவ். எழுபது ஆண்டுகளின் பின் மற்றொரு தமையனுக்கு மற்றொரு டேவிட் ஓடிக் காட்டினார். வரலாறு சில வேளைகளில் இவ்வாறு தன்னைத் தானே நினைவுகூர்கின்றது.

வாட்போருக்கும் பழைய திரைப்படமே துணைநின்றது. ஜோர்டன் தாமே வாட்போரை நடித்துப் படம் பிடிக்க முயன்றார், அது சரிவரவில்லை. பின்னர் 1938 இல் வெளிவந்த "ரொபின் ஹூட்டின் வீரச்செயல்கள்" என்னும் படத்தின் இறுதிக் காட்சியிலே எரோல் பிளினும் பசில் ராத்போனும் பொருதும் இடத்தில், இருவரும் சரியாகப் பக்கவாட்டில் நிற்கும் சில விநாடிகளைக் கண்டார். ஆட்டத்தின் வாள்வீச்சு முழுவதும் அந்தச் சில விநாடிகளிலிருந்து பிறந்ததே.

கதையும் களமும்

கதை மிகச் சுருக்கமானது. சுல்தான் அயல்நாட்டிற் போர் செய்யச் சென்றுள்ளான். அவனுடைய அமைச்சன் ஜாபர் அரியணையைக் கவர எண்ணி, அரசகுமாரியைத் தன்னை மணக்குமாறு வற்புறுத்துகின்றான். மணக்க வேண்டும், அன்றேல் மாள வேண்டும். முடிவு செய்ய ஒரு மணி நேரம் தரப்படுகின்றது. அவள் காதலனோ அரண்மனையின் கீழே பாதாளச் சிறையிற் கிடக்கின்றான். கையில் வாளும் இல்லை. அவ்வொரு மணி நேரத்துக்குள் அவன் சிறையிலிருந்து கோபுரம் வரை ஏறி வருதல் வேண்டும்.

1981 இல் வெளிவந்த "தொலைந்த பேழையைத் தேடியோர்" என்னும் திரைப்படத்தின் தொடக்கக் காட்சியிலே வீரன் பொறிகளுக்குத் தப்பி ஓடும் பரபரப்பே இவ்வாட்டத்துக்குத் தூண்டுகோல் என்பர். களமோ ஆயிரத்தோரு இரவுக் கதைகளின் களம். ஆகவே இங்கே காணும் பாரசீகம் வரலாற்றுப் பாரசீகமன்று என்பதை நாம் மறத்தலாகாது. 1704 முதலாகப் பிரெஞ்சு மொழியிலே அன்ரோன் கலாண் பெயர்த்த கதைகளும், பின்வந்த திரைப்படங்களும் சேர்ந்து மேனாட்டார் மனத்திற் கட்டிய கற்பனை நாடு அது.

ஜாபர் என்னும் பெயருக்கு உண்மை வரலாறு ஒன்று உண்டு. பக்தாத்தை ஆண்ட கலீபா ஹாரூன் அல் ரஷீத்தின் ஆட்சியில் ஜாபர் என்னும் அமைச்சர் இருந்தார். அவர் பர்மக்கி குலத்தவர். அக்குலத்தின் முன்னோர் பல்க் நகரத்திலிருந்த நவவிகாரை என்னும் பௌத்தப் பள்ளியின் தலைவர்கள். "பர்மக்" என்ற பட்டம் "பிரமுக" என்னும் வடசொல்லின் திரிபு என அறிஞர் கருதுவர். ஜாபரின் தந்தை யஹ்யாவின் ஆதரவினாலேயே சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவநூல் அரபு மொழியிற் பெயர்க்கப்பட்டது. 803 ஆம் ஆண்டிலே கலீபாவின் சினத்துக்கு ஆளாகி ஜாபர் கொல்லப்பட்டார். ஆயிரத்தோரு இரவுக் கதைகளிலே அவர் கலீபாவின் உற்ற துணைவர். 1940 இல் வெளிவந்த "பக்தாத் திருடன்" என்னும் படமே அப்பெயரைக் கொடிய அமைச்சன் ஒருவனுக்குச் சூட்டியது. ஆட்டமும் அதனையே பின்பற்றியது. அறிவை வளர்த்த குலத்தவர் ஒருவரின் பெயர் திரைப்பட வழக்கால் கொடியவனின் பெயராகிவிட்டது. இதனை இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

உடலின் பாரம்

இவ்வாட்டத்தின் அமைப்பிலே முதன்மையானது உடலுக்குப் பாரம் உண்டு என்னும் கொள்கை. ஒரு மாடி உயரம் வீழ்ந்தால் வீரனுக்குத் தீங்கில்லை. இரு மாடி வீழ்ந்தால் அவன் வலிமையில் ஒரு பங்கு குறையும். மூன்று மாடி வீழ்ந்தால் மரணம். தொடக்கத்தில் அவனுக்கு மூன்றே பங்கு வலிமை. சில குப்பிகளிலுள்ள மருந்து அதனை மீட்கும். சிலவற்றிலுள்ள நஞ்சு அதனைக் குறைக்கும்.

ஒவ்வொரு திரையும் மூன்று தளமும், தளத்துக்குப் பத்துக் கட்டமுமாக அமைந்தது. வீரனின் ஒவ்வோர் அடியும் தாவலும் இக்கட்டங்களின் அளவுக்கு இயைந்தது. ஆதலால் ஆடுவோர் பள்ளத்தைக் கண்டதும் அதன் அகலத்தைக் கண்ணால் அளந்து, நின்று தாவலாமா, ஓடித் தாவ வேண்டுமா எனத் துணிய முடியும். பொறிகளோ சிலவே: நிலத்திலிருந்து எழும் முட்கள், கத்தரிபோல மூடித் திறக்கும் கூர்வாள்கள், காலடியில் உதிரும் கற்பலகைகள், மிதித்தால் கதவைத் திறக்கும் அல்லது மூடும் கற்கள். இவ்விரல்விட்டு எண்ணத்தக்க பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கியே பன்னிரண்டு நிலைகளும் ஆக்கப்பட்டன. முட்களிடையே ஓடுபவன் மாள்வான். மெல்ல அடிவைத்து நடப்பவன் தப்புவான். உதிரும் கல் ஒருவனைப் படுகுழியில் வீழ்த்தும். அதே கல் கீழே கதவுக் கல்லின்மேல் வீழ்ந்து வழியையும் திறக்கும்.

காலத்தின் அமைப்பு இன்னும் நுட்பமானது. வீரன் மாண்டால் அந்நிலையின் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடலாம். எத்தனை முறையும் ஆடலாம். ஆனால் கடிகாரம் பின்னோக்கிச் செல்லாது. அறுபது நிமிடத்திற் கழிந்தது கழிந்ததே. ஆட்டத்திலே உயிருக்கு விலையில்லை, காலத்துக்கே விலை. ஏனைய ஆட்டங்கள் மூன்று உயிர் தந்து பறித்தன. இதுவோ எண்ணிறந்த உயிர்களைத் தந்து ஒரே ஒரு மணி நேரத்தை மட்டும் தந்தது.

நிழல் மனிதன்

இனி இவ்வாட்டத்தின் பெருஞ்சிறப்புக்கு வருவோம். அது செல்வத்தினால் வந்ததன்று, வறுமையினால் வந்தது.

அப்பிள் 2 என்னும் கணினி 1977 இல் விற்பனைக்கு வந்தது. ஜோர்டன் வேலை தொடங்கியபோதே அது முதுமை எய்திக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்குக் கிடைத்த நினைவகம் 128 கிலோபைட். எழுத்துக்கு ஒரு பைட் எனக் கொண்டால் ஏறக்குறைய 1,31,000 ஆங்கில எழுத்துக்கள். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பல மடங்கு இடத்தைக் கொள்கின்றது. அவ்வளவு சிறிய இடத்திலே ஓவியம், ஒலி, பொறிகள், கதை யாவும் அடங்க வேண்டும். தம்பியின் ஓட்டமும் தாவலும் ஏறலுமே அவ்விடத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவிட்டன. எதிரி ஒருவனை வரைய இடமில்லை.

ஜோர்டனுக்கு அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. வீரன் எவரையும் கொல்லாமல் பொறிகளுக்குத் தப்பிச் செல்லும் ஆட்டமே அவர் எண்ணம். ஆனால் புரோடர்பண்டிலே உடன் பணிபுரிந்த ரோமி பியர்ஸ் என்னும் பெண்மணி விடவில்லை. ஓடுவதும் தாவுவதும் அழகு. ஆனால் எதிர்ப்போர் இல்லாத இடத்தில் ஆடுவோர்க்குச் சலிப்பு வரும் என்பது அவர் வாதம். ஆட்டத்திலே போர் வேண்டும் என அவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். இடமில்லை என்பதே ஜோர்டனின் விடை.

இந்த முட்டுச்சந்திலேதான் வழி திறந்தது. புதிய உருவத்துக்கு இடமில்லை எனின், உள்ள உருவத்தையே எதிரியாக்கலாகாதா? வீரனின் படத்தை எடுத்து, அதே படத்தை ஒரு புள்ளி விலக்கி அதன்மேல் வைத்து, இரண்டும் ஒத்த இடங்களை வெறுமையாக்கி, வேறுபடும் இடங்களை மட்டும் ஒளிரவிட்டால், பேய்போல மினுங்கும் ஒரு கோட்டுருவம் தோன்றும். அதற்கு வேண்டிய புதிய நினைவகம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவ்வாறு பிறந்தவனே நிழல் மனிதன்.

பிறந்த பின் அவன் கதையையே மாற்றிவிட்டான். நான்காம் நிலையிலே வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதனூடே தாவுதலன்றி வேறு வழியில்லை. தாவும்போது கண்ணாடியின் மறுபுறத்தால் நிழல் வெளிப்பட்டு எதிர்த்திசையில் ஓடும். வீரனின் வலிமை ஒரு பங்காகச் சுருங்கும். அடுத்த நிலையில் வீரன் நாடிவந்த மருந்தை நிழல் முந்திக் குடித்துவிடும். அதற்கு அடுத்த நிலையில் அவன் கடக்கவிருந்த கதவை மூடி, அவனைப் பாதாளத்தில் வீழ்த்தும். ஆடுவோர் நெஞ்சிலே நிழலின்மேற் சினம் வளரும். இறுதி நிலையிலே அது வாளேந்தி எதிரே வந்து நிற்கும்.

அவ்விடத்தில் ஆடுவோர் வழக்கம்போல வாளை வீசுவர். நிழலின்மேல் வெட்டு விழும்தோறும் வீரனின் வலிமையும் குறையும். நிழல் மாண்டால் வீரனும் மாள்வான். பலர் பலமுறை மாண்ட பின்னரே உண்மையை உணர்ந்தனர். வாளை உறையிலிடுதல் வேண்டும். அப்பொழுது நிழலும் தன் வாளை உறையிலிடும். பின் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓட, ஈருருவும் ஓருருவாகும். அதன் பின்னரே ஜாபரிடம் செல்லும் வழி திறக்கும்.

எதிரி வெளியே இல்லை, அவனை வெல்லும் வழி வெட்டுதலும் அன்று என்னும் இப்பெரும் பொருள், நினைவகம் போதாமையால் விளைந்தது என்பதை எண்ணும்போது வியப்பு உண்டாகின்றது. பின்னர் ஜோர்டன் நிரலைச் செப்பமிட்டுச் சிறிது இடம் மீட்டு, காவலர்களையும் வாட்போரையும் சேர்த்தார். ஆனால் ஆடியோர் நெஞ்சில் நிலைத்தவன் காவலன் அல்லன், நிழலே.

வேறு சில நயங்களும் ஈண்டு குறிப்பிடத்தக்கன. மூன்றாம் நிலையில் எழுந்து வரும் எலும்புக்கூட்டை வெட்டிக் கொல்ல முடியாது. பள்ளத்திலே தள்ள வேண்டும். எட்டாம் நிலையில் வீரன் வெளியேற வழியின்றி அடைபட்டு நிற்கும்போது, அரசகுமாரி அனுப்பிய சுண்டெலி வந்து கல்லை மிதித்துக் கதவைத் திறக்கும். இசைக்குரிய பண்களைத் தந்தையார் பிரான்சிஸ் அமைத்துக் கொடுத்தார். தமையன் எழுத, தம்பி ஓட, தந்தை பண்ணமைக்க, ஒரு குடும்பமே இவ்வாட்டத்தினுள் இருக்கின்றது.

தோல்வியும் வெற்றியும்

நான்கு ஆண்டு உழைப்பின் பின் 1989 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஆட்டம் வெளிவந்தது. திறனாய்வாளர் போற்றினர், கடைகளிலோ அது அசையவில்லை. அப்பிள் 2 கணினியை வாங்குவோர் தொகை நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. வீழ்ந்துகொண்டிருக்கும் வீட்டுக்குத் தச்சன் நல்ல கதவு செய்து கொடுத்ததுபோல ஆயிற்று.

ஆயினும் நல்ல சரக்கு அழிந்துவிடவில்லை. 1990 இல் ஏனைய கணினிகளுக்கு ஏற்ப அது மாற்றி எழுதப்பட்டது. யப்பானிலும் ஐரோப்பாவிலும் பெருவரவேற்புக் கிடைத்தது. 1992 இல் மக்கின்ரோஷ் கணினிக்கான பதிப்பு வந்ததோடு, புதிய பெட்டியில் மீண்டும் கடைக்கு வந்த ஆட்டம் அமெரிக்காவிலும் விற்பனையிற் சிறந்தது. காலப்போக்கிலே ஏறக்குறைய இருபது இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. பிறந்த நாட்டிலே தாமதமாகவும், பிறநாடுகளிலே முந்தியும் புகழ்பெற்றது இவ்வாட்டம்.

அதன் வழித்தோன்றல்கள் பல. 1991 இல் பிரான்சில் எரிக் ஷாயி ஆக்கிய "அனதர் வேர்ள்ட்", 1992 இல் வந்த "பிளாஷ்பக்" ஆகியன மனித அசைவைத் திரைக்குக் கொண்டுவந்த அதே மரபின. 1996 இல் வந்த "ரூம் ரெயிடர்" ஆட்டத்தின் நாயகியும் கட்டங்களை அளந்தே தாவினாள். 2003 இல் யூபிசொப்ற் நிறுவனம் ஜோர்டனையும் உடன்சேர்த்து "காலத்தின் மணல்கள்" என்னும் புதிய ஆட்டத்தை வெளியிட்டது. அங்கே கடிகாரத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் ஆற்றல் இளவரசனுக்கு வழங்கப்பட்டது. முதலாட்டத்தில் மறுக்கப்பட்ட வரம் அது. அதன் தொடர்ச்சியாகத் தொடங்கிய முயற்சியொன்றே திசைமாறி 2007 இல் "அசாசின்ஸ் கிரீட்" எனத் தனியாட்டமாயிற்று. 2010 இல் கதை திரைப்படமும் ஆயிற்று. ஆட்டத்துக்கும் திரைக்கும் இடையே ஊசலாடிய இளைஞரின் இரு ஆசைகளும் ஒரே கதையினால் நிறைவேறின.

பெட்டியிற் கிடந்த தட்டுகள்

ஓர் ஆட்டத்தின் உயிர் அதன் மூல நிரல். ஜோர்டன் தாம் அசெம்பிளி மொழியில் எழுதிய மூல நிரலைப் பல ஆண்டுகள் தேடியும் காணவில்லை. அது அழிந்தது என்றே கொள்ளப்பட்டது. 2012 இல் தந்தையார் தம் வீட்டை ஒழுங்கு செய்தபோது, அலுமாரியொன்றினுள் ஒரு பெட்டியைக் கண்டார். அதனுள்ளே பழைய காந்தத் தட்டுகள் இருந்தன. மூல நிரலும் இருந்தது.

கிடைத்தது கையில்; படிப்பது எவ்வாறு? காந்தத் தட்டிலுள்ள எழுத்து நாட்பட நாட்பட மங்குவது. இருபதாண்டுக்கு மேற்பட்ட தட்டைத் தவறாகத் தொட்டால் எஞ்சியதும் அழியலாம். பழைய கணினிகளைப் பேணுவதில் வல்ல ஜேசன் ஸ்கொற், ரோனி டயஸ் என்னும் இருவர் தக்க கருவிகளுடன் வந்து, ஏப்பிரல் மாதத்திலே அதனை மீட்டுக் கொடுத்தனர். ஜோர்டன் அதனைப் பூட்டி வைக்கவில்லை. எவரும் படித்துப் பயன் பெறுமாறு உலகுக்கு வெளியிட்டார்.

ஓலையிலே எழுதி வாழ்ந்த இனத்தவராகிய எமக்கு இச்செய்தியின் பொருள் நன்கு விளங்கும். கறையானுக்கும் நீருக்கும் இரையான ஏடுகள் எத்தனையோ. வீடு வீடாகச் சென்று ஏடு தேடிப் பதிப்பித்த ஆறுமுக நாவலரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் இல்லையாயின் எமது செல்வத்திற் பெரும்பகுதி இன்று இல்லை. ஓலை பல தலைமுறைக்கு நின்றது; காந்தத் தட்டோ ஒரு தலைமுறைக்கும் நில்லாது. புதிய எழுத்து பழைய எழுத்தினும் விரைவில் அழிவது என்பதை எம் இளைஞர் மனத்திற் கொள்ள வேண்டும். இன்று கைத்தொலைபேசியிலும் கணினியிலும் சேர்த்துவைக்கும் பாட்டும் படமும் குரலும், படியெடுத்துப் பேணுவார் இல்லையேல் எம் கண்முன்னரே மறையும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒரு நல்ல ஆக்கம் வெறுங்கையிலிருந்து பிறப்பதில்லை என்பது புலனாகும். மைபிரிட்ஜின் குதிரையும், பிளெய்ஷரின் கோமாளியும், ரொபின் ஹூட்டின் வாளும், ஆயிரத்தோரு இரவுக் கதைகளும் இவ்வாட்டத்தினுள் வந்து கலந்தன. அவற்றை எடுத்துக்கொண்டவர் தம் தம்பியின் ஓட்டத்தையும் தந்தையின் பண்ணையும் அவற்றோடு சேர்த்தபோதே அது அவருக்கு உரியதாயிற்று. முன்னோரிடம் கடன் பெறுதல் இழிவன்று. பெற்றதோடு தம்முடையதொன்றைச் சேர்க்காமையே இழிவு.

இன்னுமொன்று. கருவி சிறிது, காலம் போதாது, வசதியில்லை எனக் கைகட்டி நிற்போர் எம்மிடையே உண்டு. பெரிய கருவி வரும்வரை ஜோர்டன் காத்திருந்திருப்பின் எதிரிகளை விரும்பியபடி வரைந்திருப்பார். நிழல் மனிதன் பிறந்திருக்க மாட்டான். உள்ளது சிறிதாயினும் அதனை முற்றாகப் பயன்படுத்தியவனுக்கே அதன் எல்லை வாயிலாகத் திறக்கின்றது.

1985 இல் ஒரு வாகனத் தரிப்பிடத்திலே ஓடிய அந்தத் தம்பி இன்று இளைஞர் அல்லர். ஆனால் வெள்ளுடை தரித்த அச்சிறு உருவம் இன்றும் அதே வேகத்தோடு ஓடிப் பள்ளத்தைத் தாவுகின்றது. மறுகரையின் விளிம்பை விரல் நுனியாற் பற்றி, ஒரு கணம் தொங்கி, உடலை மேலே இழுத்து எழுந்து நிற்கின்றது.